எதிரில் நிற்பவருக்கும் திங்கட்கிழமை ஷிப்ட் இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நடந்துவிட்டுத் திரும்பும்போது கெலமங்கலம் டீக்கடை வாசலில் என் பழைய மாணவர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். 1996இல் என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவர். இப்போது பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறார்.

"சார், என் பொண்ணுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறா."

விஷயம் இதுதான். பெண் எட்டு வருடமாகச் சிலம்பம் கற்கிறாள். மாவட்டப் போட்டிகளில் பரிசு வாங்கியிருக்கிறாள். ஓசூரில் கல்லூரி. கொஞ்ச நாளாக ஞாயிறு காலையில் பள்ளி மைதானத்தில் நாலைந்து பேர் சேர்கிறார்களாம். ஒரு பையன் டேக்வாண்டோ. இன்னொருவன் ஓசூர் ஜிம்மில் எம்எம்ஏ பழகுகிறவன். சிப்காட்டில் வேலை செய்கிற பீகார் பையன் ஒருவன், ஊரில் மண் குஸ்தி ஆடியவன். இவர்களோடு இவளும் மோதிப் பார்க்கிறாள். 'ஸ்பாரிங்' என்று சொல்கிறாளாம்.

"சிலம்பத்துக்கு இப்ப அரசு வேலைல 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுல இடம் இருக்கு சார். கையைக் காலை ஒடிச்சிக்கிட்டா எட்டு வருஷம் வீணாப் போயிடும். அதுவும் பொம்பளைப் புள்ள."

அன்று மாலை அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்: "தாத்தா, எட்டு வருஷமா ஒரே மாதிரி ஆளுங்க கூடவே ஆடுறேன். நான் அடிப்பேன்னு அவங்களுக்குத் தெரியும், அவங்க தடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கு நிஜமாவே ஏதாவது வருமான்னே தெரியல."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏனென்றால் இதே வார்த்தையை 1985இல் நான் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை வெளியில் முழுசாகச் சொன்னதில்லை. என் மனைவிக்கே பாதிதான் தெரியும். அன்று அந்தப் பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் முழுசாகச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம் ஒரு கிராமம். பத்து வயதிலிருந்து எங்கள் ஊர்க் கம்பு வாத்தியாரிடம் சிலம்பமும் குத்துவரிசையும் பழகினேன். சலாவரிசை போட்டு, சுவடு வைத்து, வீடு கட்டி ஆடுவதில் எனக்கு ஊரில் நல்ல பெயர். திருவிழாவில் ஆடினால் வேட்டி போர்த்துவார்கள். 1984இல் ஆசிரியர் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தேன். அப்போது இது தர்மபுரி மாவட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும் ஊர். குளிர் வேறு. களியைப் பார்த்தே இராத எனக்குக் காலையும் களி, இரவும் களி.

அந்தச் சமயத்தில் ஓசூரில் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அசோக் லேலண்ட், டிவிஎஸ் எல்லாம் வந்து சில வருடம் ஆகியிருந்தது. வேலைக்காக எல்லா ஊரிலிருந்தும் பையன்கள் வந்தார்கள். ஓசூரில் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் கெலமங்கலம் வரை வந்து அறை எடுத்தார்கள். அப்படி ஒரு ஓட்டு வீட்டில் நாங்கள் ஐந்து பேர் தங்கினோம். நான் ஒருவன்தான் வாத்தியார். மற்ற நால்வரும் கம்பெனி ஆட்கள்.

அதில் ஒருவர் சேலத்துக்காரர், கராத்தேயில் பிரவுன் பெல்ட். தினமும் காலை நாலரைக்கு எழுந்து 'கட்டா' போடுவார். இன்னொருவர் வடசென்னை. குத்துச்சண்டைப் பரம்பரை ஒன்றில் சின்ன வயதிலேயே பழகியவர். 2021இல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தபோது பலருக்கு அந்த உலகம் புதிதாக இருந்தது. எனக்கு அது எங்கள் அறையில் பாய் விரித்துப் படுத்த உலகம். 1980இல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினாரே, அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தவர் இவர். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அந்தக் கதையைச் சொல்லுவார்.

ஒரு ஞாயிறு பேச்சுவாக்கில் ஆரம்பித்தது. எது பெரிசு, எது சிறிசு என்கிற வழக்கமான வாய்ச்சண்டை. கடைசியில் நான்தான் சொன்னேன்: "பதினைஞ்சு வருஷமா பழகுறேன். ஆனா எங்க ஊர் ஆளுங்க கூட மட்டும்தான் ஆடியிருக்கேன். எனக்கு என்ன வரும்னு எனக்கே தெரியல. வாங்க, பாத்துருவோம்."

முதலில் கராத்தே நண்பரும் நானும். கம்பு கிடையாது, வெறுங்கை. நான் முறைப்படி வணக்கம் வைத்தேன். தாழ்ந்து சுவடு வைத்தேன். பக்கவாட்டில் ஒரு காலடி எடுத்தேன். அடுத்த காலடி எடுப்பதற்குள் அவர் நேர்கோட்டில் ஒரே பாய்ச்சலில் வந்து என் நெஞ்சில் முஷ்டியை வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விட்டார். வாயிலிருந்து ஒரு சத்தம் வேறு. மறுபடி நின்றோம். மறுபடி அதே. மூன்றாம் முறையும் அதே. எங்கள் ஊரில் யாரும் அப்படி வந்ததே இல்லை. வாத்தியார் "மூணாவது அடி" என்பார், எதிராளி மூணாவது அடியைத்தான் அடிப்பான், நான் அதற்குரிய தடுப்பைத்தான் போடுவேன். பார்க்க அழகாக இருக்கும். நான் தடுக்கக் கற்றது அடியை அல்ல, அடி வரும் என்கிற அறிவிப்பை. இது எனக்கு 26 வயதில், நெஞ்சில் மூன்று முறை குத்து வாங்கிய பிறகுதான் புரிந்தது.

அடுத்த வாரம் கராத்தே நண்பரும் வடசென்னை அண்ணனும். இவர் வழக்கம்போலப் பாய்ந்து நெஞ்சில் தொட்டார். தொட்டதும் நின்றார், புள்ளி வந்துவிட்டது என்று. அண்ணனுக்குப் புள்ளியாவது ஒன்றாவது! அவர் பாட்டுக்கு இரண்டு குத்து விட்டார். நண்பருக்கு மூக்கில் ரத்தம். "இன்னா வாத்யாரே, நின்னுட்டான் இவன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அடுத்த சுற்றில் சேலத்துக்காரர் தொடையில் ஓங்கி ஓர் உதை விட்டார். அண்ணன் சிரித்தார். இன்னொன்று. அதற்கும் சிரித்தார். மறுநாள் காலை கம்பெனி பஸ் படியில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். குத்துச்சண்டையில் இடுப்புக்குக் கீழே யாரும் தொட மாட்டார்கள். அதனால் காலைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் உடம்புக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

அவருடைய தெய்வமான அலிக்கே இது நடந்திருக்கிறது. 1976 ஜூன் 26, டோக்கியோ. ஜப்பானிய மல்லர் ஆன்டோனியோ இனோக்கியோடு அலி மோதினார். இனோக்கி பெரும்பாலான நேரம் தரையில் மல்லாந்து கிடந்துகொண்டே அலியின் காலை உதைத்தார். 15 சுற்றிலும் அலி விட்ட குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சமன் என்று அறிவித்தார்கள். பார்த்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் அலியின் கால் வீங்கி மருத்துவமனைக்குப் போகிற அளவுக்கு ஆனது. உலகத்திலேயே பெரிய குத்துச்சண்டை வீரரிடம், தரையில் படுத்துக்கிடக்கிற ஒருவருக்குப் பதில் இல்லை.

மூன்றாவது ஆள் எங்கள் அறைக்காரர் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் பக்கத்துக்காரர். பட்டுக்கூடு வாங்க இங்கே வருவார். கரடி மனேயில் பழகியவர். கரடி வீடு என்று நினைத்துவிடாதீர்கள். கன்னடத்தில் 'கரடி மனே' என்றால் உடற்பயிற்சிக் கூடம். செம்மண் குழி, ஒரு ஆஞ்சநேயர் படம், தூக்கிச் சுற்றக் கதாயுதம். மைசூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு இருந்தவை. ஐம்பது வயசுக்கு மேல். தொந்தி வேறு. அண்ணன் அவரைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, வேணாம்" என்றார்.

பெரியவர் ஒரு குத்தை நெற்றியில் வாங்கிக்கொண்டே உள்ளே நுழைந்து, அண்ணனின் இடுப்பைக் கட்டி, தூக்கி, பூப்போல மண்ணில் வைத்தார். வைத்த பிறகு மேலே உட்கார்ந்து "சாக்கா?" என்று கேட்டார். போதுமா என்று அர்த்தம். கராத்தே நண்பருக்கும் அதே கதி. எனக்குச் சொல்லவே வேண்டாம். நான் எழுந்து தூசியைத் தட்டும்போது சொன்னார்: "மொதலு பீளோது கலீரி, மேஷ்ட்ரே." முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள், வாத்தியாரே. அன்று முழுக்க எங்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது அதை மட்டும்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டு, கையை ஊன்றாதே, உருண்டு போ. இன்றைக்கு 60 தாண்டி, மழையில் வழுக்கி விழுந்தும் மணிக்கட்டு உடையாமல் நான் தப்பித்தது அவரால்தான்.

அதற்கு ஏழெட்டு வருடம் கழித்து, 1993 நவம்பர் 12ஆம் தேதி, அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் இதையே பெரிய மேடை போட்டு நடத்தினார்கள். முதல் யுஎஃப்சி. ராய்ஸ் கிரேசி என்கிற பிரேசில்காரர், சுமார் 80 கிலோ, பார்க்க நம்ம பிளஸ் டூ பையன் மாதிரி இருப்பார். ஒரே இரவில் மூன்று பேரைத் தரைக்கு இழுத்துத் தோற்கடித்தார். முதலில் வந்தவர் ஒரு குத்துச்சண்டை வீரர், ஒரு கையில் மட்டும் உறை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கிரேசி குடும்பத்துக்கு அந்த வித்தை வந்த வழியைப் பின்னோக்கிப் போனால், 1882இல் டோக்கியோவில் ஜூடோ கூடம் தொடங்கிய ஜிகோரோ கானோ வரை போகும். கானோ ஒரு ஆசிரியர் என்பது எனக்குத் தனிச் சந்தோஷம். அவர் செய்த காரியம் கணக்கு வாத்தியாரான எனக்கு மிகவும் பிடிக்கும். பழைய வித்தையிலிருந்து கண்ணைக் குத்துவது, உயிர்நிலையில் அடிப்பது போன்றவற்றைப் பயிற்சி ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். ஆபத்தானதை எடுத்துவிட்டதால், மிச்சமிருப்பதை முழு பலத்தோடு, தினமும், எதிர்க்கிற ஆளிடமே செய்து பழக முடிந்தது. "எனக்கு வர்மம் தெரியும், தொட்டா ஆள் விழுந்துருவான்" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எத்தனை பேரைத் தொட்டுப் பழகினீர்கள் என்று கேட்டால் பதில் வராது. யாரிடமும் செய்து பார்க்க முடியாத வித்தையை எப்படித் தெரியும் என்று சொல்வது?

வகுப்பில் வடிவியல் நடத்தும்போது எடுகோள் என்று ஒன்று சொல்வேன். நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்வது. எல்லாத் தேற்றமும் அதன் மேல்தான் நிற்கும். ஒவ்வொரு சண்டைக் கலையிலும் இப்படிச் சில எடுகோள் இருக்கிறது. தொட்டால் நிற்போம் என்பது ஒன்று, காலைத் தொட மாட்டோம் என்பது இன்னொன்று, குத்த மாட்டோம் என்பது மற்றொன்று. உள்ளேயே இருக்கும்வரை அது எடுகோள் என்றே தெரியாது. உலகமே அப்படித்தான் என்று தோன்றும். வேறு பள்ளி ஆள் எதிரில் வந்து நிற்கும்போதுதான் தெரியும். அதனால் அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. அதை அவள் அப்பாவிடமும் சொன்னேன்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை.

நாலைந்து வாரம் எல்லாரிடமும் தோற்றதும் எனக்குள் ஒரு எரிச்சல் வளர ஆரம்பித்தது. பள்ளிப் பையன்கள் வேறு வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஊரில் வேட்டி போர்த்தியவனை இங்கே மண்ணில் உருட்டுகிறார்கள். "நம்ம தமிழர் கலை" என்று பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தவன் வேறு. கம்பு இருந்தால் காட்டியிருப்பேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் வெளியிலும் சொல்லிவிட்டேன்.

சேலத்து நண்பர், "கம்புலயும் ஆடலாங்க சார்" என்றார். கராத்தேக்காரர்கள் சிலர் 'போ' என்கிற ஆறடிக் கம்பும் பழகுவார்கள். ஒகினாவா தீவிலிருந்து வந்த வித்தை. அவருக்கு அது கொஞ்சம் தெரியும்.

விதி பேசினோம். தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே மட்டும். தொட்டால் போதும், ஓங்க வேண்டாம். தலை கிடையாது, கை கிடையாது. கம்பு நுனியில் நானே ஈரச் சாக்பீஸ் தூளைத் தடவினேன், தொட்டால் சட்டையில் தடம் தெரியட்டும் என்று. நடுவர் என்று யாரையும் வைக்கவில்லை. நமக்குள்தானே என்று விட்டுவிட்டோம்.

சிலம்பத்தில் நாங்கள் கம்பின் ஒரு பக்கமாகப் பிடித்துச் சுழற்றுவோம். நீளம் கிடைக்கும். எதிராளிக்குக் கம்பு எங்கே வரும் என்று தெரியாது. அவர் கம்பை மூன்றாகப் பிரித்து இரண்டு கையால் நடுவில் பிடித்தார். சுற்றவே இல்லை. நான் சுழற்றிச் சுழற்றி உள்ளே போகப் பார்த்தேன். அவர் காத்திருந்து, என் சுழற்சிக்கு நடுவில் நேராக ஒரு நீட்டு நீட்டினார். என் வெள்ளைச் சட்டையில், சரியாக நடு நெஞ்சில், வெள்ளைச் சாக்பீஸே தெரிகிற அளவுக்கு ஈரமான வட்டம். வேலிக்கு வெளியே பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள். என் வகுப்புப் பையன்கள்.

எங்கள் வாத்தியார் சொல்லித் தந்த அடிகளில் ஒன்று, எதிராளி கம்பைப் பிடித்திருக்கிற முன்கையை அடிப்பது. கம்பை அவன் கம்பின் மேலேயே வழுக்கவிட்டால் நேராக விரலில் போய் நிற்கும். இரண்டு கையால் நடுவில் பிடிக்கிறவனுக்கு முன்கை எப்போதும் திறந்திருக்கும். அதை நான் முதல் நிமிடத்திலேயே பார்த்துவிட்டேன். விதியில் இல்லை என்பதால் விட்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு விடவில்லை. ஓங்கித்தான் அடித்தேன்.

சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. காய்ந்த சுள்ளியை ஒடித்த மாதிரி.

வலது கையில் இரண்டு விரல். ஓசூர் கூட்டிப்போய் மாவுக்கட்டு போட்டோம். என்ன ஆயிற்று என்று கேட்ட எல்லாரிடமும், "விளையாட்டுல தவறிப் பட்டுருச்சு" என்று சொன்னேன். தலைமையாசிரியரிடம் சொன்னேன். வீட்டு ஓனரிடம் சொன்னேன். பின்னாளில் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆச்சரியம் என்னவென்றால் அவரும் எல்லாரிடமும் அதையே சொன்னார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அவர் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். பயிற்சிக் காலம். நிரந்தரம் ஆக இன்னும் நாலு மாதம். வலது கையில் கட்டோடு மிஷினில் நிற்க முடியுமா? ஆறு வாரம் போகவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் என் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தேன். முதல் மாதம் வாங்கிக்கொண்டார். இரண்டாவது மாதம் பாயைச் சுருட்டிக்கொண்டு சேலம் பஸ் ஏறிவிட்டார்.

கிளம்புகிற அன்று, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். கோபமே இல்லாமல் சொன்னார்: "சார், எல்லாரும் விளையாடினோம். நீங்க மட்டும் அன்னைக்குச் சண்டை போட்டீங்க."

எங்கள் ஊரில் கம்பு 'ஆடுகிறான்', சிலம்பம் 'விளையாடுகிறான்' என்றுதான் சொல்வோம். சண்டை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பதினைந்து வருடம் அந்தச் சொல்லை வாயில் வைத்திருந்தேன். அர்த்தத்தை ஒரு சேலத்துக்காரர் சொல்ல வேண்டியிருந்தது.

மைசூர் தசராவில் வஜ்ரமுஷ்டி என்று ஒன்று நடக்கும். விஜயதசமி அன்று அரண்மனையில் ஜெட்டி சமூகத்து மல்லர்கள் கையில் முஷ்டி ஆயுதம் மாட்டிக்கொண்டு மோதுவார்கள். மொட்டைத் தலை. முதல் ரத்தம் தெரிந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு கொடூரமான ஆட்டத்திலேயே எப்போது நிறுத்துவது, யார் நிறுத்துவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. சாக்பீஸ் தூள் வரை யோசித்த எனக்கு அது தோன்றவில்லை.

2003இல் சேலம் பஸ் நிலையத்தில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். அவர் பஸ் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித் தருகிறாராம், கடையும் வைத்திருக்கிறாராம். நான் ஏதேதோ ஆரம்பித்தேன். பதினேழு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். மோதிர விரல் முழுசாக மடங்கவில்லை. "ஒரு ஜோடி கையுறை போட்டிருந்தா போதும் சார். அப்ப நமக்குத் தெரியல" என்றார். 'நமக்கு' என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் தலையைக் குனிந்திருந்தாள். அவள் அப்பா, "இதைக் கேட்டதுக்கப்புறமும் போகச் சொல்றீங்களா சார்?" என்றார். போகட்டும் என்றேன். ஆனால் நான் செய்யாமல் விட்டதையெல்லாம் செய்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவளுக்குச் சொன்னதை இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம், பாக்சிங் என்று ஏதாவது ஒன்றுக்குப் போவார்கள்.

எது கூடும், எது கூடாது என்பதை ஆரம்பிக்கும் முன் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. வேறு மொழி ஆள் என்றால் அவர் மொழியில் அவரே திருப்பிச் சொல்லட்டும். ஒரு கலையில் தவறு என்பது இன்னொன்றில் முதல் பாடமாக இருக்கும்.

நிறுத்துகிற அதிகாரத்தோடு மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். இரண்டு பேருக்கும் வேண்டியவராகவோ, இருவருக்கும் வேண்டாதவராகவோ இருக்கட்டும். ஒருவருக்கு மட்டும் வேண்டியவராக இருக்கக் கூடாது.

பல்லுக்கும் தலைக்கும் கைக்கும் காப்பு இல்லாமல் ஆட வேண்டாம். கம்பு என்றால் விரல் உறை கட்டாயம். வேகம் பாதி. எதிராளி தட்டினாலோ போதும் என்றாலோ அந்த நொடியே விட வேண்டும். தலையில் அடிபட்டு, தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு எது வந்தாலும் நேராக மருத்துவமனை. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஆட்டம் கிடையாது.

வேடிக்கை பார்க்க ஆள் வேண்டாம். முக்கியமாகப் போன் வேண்டாம். என்னை அன்றைக்கு மிருகமாக்கியது அந்த நீட்டு அடி இல்லை. வேலிக்கு வெளியே இருந்த பத்துப் பதினைந்து பேருடைய சிரிப்பு. இன்றைக்கு ரீல்ஸ் போட்டால் சிரிக்க எத்தனை ஆயிரம் பேர்!

கடைசியாக ஒன்று. எதிரில் நிற்கிற பீகார் பையனுக்கு மறுநாள் காலை ஆறு மணி ஷிப்ட் இருக்கும். அவன் கையை நம்பி ஊரில் நாலு பேர் இருப்பார்கள். அவனிடம் கற்றுக்கொள்ளத்தான் போகிறாய். அவன் வந்த மாதிரியே திரும்பிப் போக வேண்டும். ஜெயித்தாயா தோற்றாயா என்று எனக்குச் சொல்ல வேண்டாம், இதை மட்டும் சொல்லு என்றேன்.

நேற்று ஞாயிறு. காலை ஆறரைக்கு வாசலில் சத்தம். அந்தப் பெண்தான். "தாத்தா, மூணாவது ஆள் நீங்கதான்" என்று விசிலைக் கையில் கொடுத்தாள். கம்புக்கு விரல் உறை கிடைக்கவில்லை என்று யாரிடமோ கிரிக்கெட் பேட்டிங் கையுறை இரண்டு ஜோடி கடன் வாங்கியிருந்தாள். போன்கள் எல்லாம் ஒரு பையில் போட்டு அவள் அப்பா மடியில் இருந்தன. அவரும் வந்திருந்தார். அந்தப் பீகார் பையன் விதிகளை இந்தியில் சொல்லி, பிறகு தட்டுத் தடுமாறித் தமிழிலும் சொன்னான்.

வெறுங்கை ஆட்டத்தில் அவள் அழகாகச் சுவடு வைத்து நின்றாள். அவன் குனிந்து முன்காலை வாரினான். விழுந்தாள். நான் விசில் ஊதுவதற்குள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். "தாத்தா, காலைப் புடிப்பாங்கன்னு எங்க மாஸ்டர் சொன்னதே இல்ல!"

முதலில் அவனிடம் விழக் கற்றுக்கொள் என்றேன். மீதி நேரம் முழுக்க அதைத்தான் செய்தார்கள்.

உங்களில் யாராவது வேறு பள்ளி ஆட்களோடு இப்படி ஆடியிருந்தால், என்ன கற்றீர்கள் என்று எழுதுங்கள், அவளுக்குக் காட்டுகிறேன். என் மனைவி இதைப் படித்துவிட்டுத்தான் போடச் சொன்னாள். 1986இல் அது தவறிப் படவில்லை. இதையும் சேர்த்தே எழுதச் சொன்னாள்.

இன்று காலை பஸ் நிறுத்தத்தில் அந்தப் பையனைப் பார்த்தேன். கம்பெனிச் சட்டை, கையில் டிபன் பை. இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டு ஷிப்டுக்குப் போனான்.